ஒரே விளிம்பில் மூடியும் ரெயிலும்

என் பிக்கப் வண்டியின் பின்தொட்டிச் சுவருக்கு மேல் விளிம்பு 78 மில்லிமீட்டர் அகலம். மூன்று பலகையாக மடங்கும் மூடி உட்காருவதும் அந்த 78 மில்லிமீட்டரில்தான், பைப் ஏற்றும் ரேக்கின் தூண்களைத் தாங்கும் அலுமினிய ரெயில் உட்கார வேண்டியதும் அதில்தான். இந்த இரண்டையும் சண்டையில்லாமல் ஒரே விளிம்பில் உட்கார வைக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. இரண்டு முறை பிரித்துத் திரும்பப் பூட்டினேன். இதே வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் அளவுகளோடு எழுதுகிறேன்.

நான் காட்பாடிக்காரன். போர்வெல் மோட்டார் இறக்குவது, ஏற்றுவது, பேனல் போர்டு மாட்டுவது தொழில். ஒடுகத்தூர், அணைக்கட்டு, குடியாத்தம், சில நாள் ஆற்காடு பக்கம் என்று பழைய வட ஆற்காடு முழுக்கச் சுற்றுகிறேன். இந்தப் பக்கம் பாறை நிலம், போர்வெல் ஆழம். ஒரு மோட்டாரை மேலே எடுக்கப் போனால் முக்காலிக்கான மூன்று ஜி.ஐ. பைப், எடை தூக்கும் செயின் பிளாக், மாற்றுவதற்கு நாலைந்து காலம் பைப் (மோட்டாரில் இருந்து தண்ணீரை மேலே கொண்டுவரும் பிளாஸ்டிக் குழாய்), கேபிள், டூல்ஸ் என்று எல்லாம் கூடவே போக வேண்டும். காலம் பைப் ஒவ்வொன்றும் மூன்று மீட்டர். தொட்டியின் உள்நீளம் ஒன்றரை மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு.

மூடி வாங்கியது கேபிளுக்காக. வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு வரப்பில் நடந்து கிணற்றடிக்குப் போனால் திரும்ப இரண்டு மணி நேரம் ஆகும். செம்புக் கம்பி திறந்த தொட்டியில் கிடந்தால் மனம் வேலையில் நிற்காது. கடையில் டோனோ கவர் என்று கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். அலுமினியச் சட்டம் போட்ட, பூட்டு வைத்த மடக்கு மூடி. வாங்கிப் போட்டதும் கேபிள் கவலை தீர்ந்தது, பைப் கவலை ஆரம்பித்தது. மூடியின் மேலேயே பைப்பை வைத்துக் கயிறு கட்டி ஒரு மாதம் ஓட்டினேன். நடுப்பலகையில் பள்ளம் விழுந்தது, கீல் ஓரத்து ரப்பர் கிழிந்தது. மூடி வெயில், மழை, திருட்டு மூன்றுக்கும் போட்டது. எடை தாங்குவது அதன் வேலை இல்லை. பைப்பின் எடை மூடியையும் தொடக் கூடாது, மூடியின் பக்கச் சட்டத்தையும் தொடக் கூடாது, நேராகத் தொட்டிச் சுவருக்கு இறங்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். கடைசி போல்ட் வரைக்கும் அந்த ஒரு எண்ணத்தில்தான் வேலை செய்தேன்.

முதலில் விளிம்பைப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மேலே இருக்கும் பிளாஸ்டிக் கேப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். கேப்பின் மேல் எதையும் பூட்டக் கூடாது. அதன் அடியில் வெறும் விலா எலும்பு போலத் தடுப்புகள்தான் இருக்கும், இறுக்க இறுக்க நொறுங்கிவிடும். அடியில் இருப்பது பெயிண்ட் அடித்த தகடு. சுவர் இரட்டைத் தகட்டால் ஆனது. உட்பக்கம் விளிம்பு கொஞ்சம் துருத்திக்கொண்டு வந்து, உதடு மாதிரிக் கீழே மடங்குகிறது. அந்த உதட்டுக்கு அடியில் கையை விட்டால் உட்பக்கத்து 35 மில்லிமீட்டர் மட்டும் கீழிருந்து எட்டும். வெளிப்பக்கத்து 43 மில்லிமீட்டருக்கு அடியில் இரண்டு தகட்டுக்கும் நடுவே இருக்கும் குழி. அங்கே கையும் போகாது, ஸ்பேனரும் போகாது.

சிக்கலே இதுதான். நட்டு போட முடிந்த உட்பக்கத்தில் மூடியின் சீல் ரப்பர் உட்காருகிறது, அதன் கிளாம்ப்புகளும் அதே உதட்டைத்தான் பிடிக்கின்றன. ரெயிலுக்குக் காலியாகக் கிடைக்கும் வெளிப்பக்கத்தில் நட்டு போட வழியில்லை.

ரிவெட் நட்டு போட்டால் மேலிருந்தே பூட்டலாம். எம்-8, அதாவது 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கான ரிவெட் நட்டுக்குப் பதினோரு மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, ரிவெட் துப்பாக்கியால் இழுத்தால் தகட்டைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் மெல்லிய தகட்டில் ரிவெட் நட்டை மட்டும் நம்பி நூறு கிலோ எடையை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. குழியில் வண்டி குதிக்கும்போது அந்த எடை இரண்டு மடங்காக அடிக்கும். ஒரு முறை நட்டு தகட்டிலேயே சுற்ற ஆரம்பித்தால் அப்புறம் கழற்றவும் முடியாது, இறுக்கவும் முடியாது.

இரண்டு நாள் யோசித்த பிறகு வழி கிடைத்தது. விளிம்பின் முழு அகலத்துக்கும் ஒரு பட்டையைப் படுக்க வைப்பது. 75 மில்லிமீட்டர் அகலம், 6 மில்லிமீட்டர் கனத்தில் அலுமினியப் பட்டை. அதன் உள்பாதி வழியாகத் தொட்டிச் சுவருக்கு போல்ட். வெளிப்பாதியின் மேல் ரெயில். உள்பாதியில் போல்ட் தலைகள் பட்டைக்குள்ளேயே புதையும்படி கவுண்டர்சங்க் போட்டுவிட்டால், மூடியின் சீல் ரப்பருக்கு வழவழப்பான புதுத் தரை கிடைக்கும். சீல் 30 மில்லிமீட்டரில் உட்காரும், ரெயிலுக்கு 40 போகும், இரண்டுக்கும் நடுவே 5 மில்லிமீட்டர் சந்து மிச்சம்.

ரெயிலுக்கு எடுத்தது 40-க்கு 40 அலுமினிய டி ஸ்லாட் செக்ஷன். தொழிற்சாலைகளில் மிஷினைச் சுற்றிக் கண்ணாடிக் கூண்டு கட்ட இதைத்தான் பயன்படுத்துவார்கள். நாலு பக்கமும் காடி ஓடும், எந்த இடத்தில் வேண்டுமானாலும் நட்டை நகர்த்திப் பூட்டலாம். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில், உடைத்த கூண்டில் இருந்து நேரான இரண்டு துண்டு பொறுக்கினேன். பழையது வாங்கினால் தரையில் படுக்க வைத்து உருட்டிப் பாருங்கள். முறுக்கு இருந்தால் நாலு மூலையும் தரையில் படாது.

அடுத்தது, பைப் படுக்கும் குறுக்குச் சட்டங்களின் உயரம். பலரும் தவறுவது இங்கே என்று நினைக்கிறேன். மூடி திறக்கும்போது ஒவ்வொரு பலகையும் கீலைச் சுற்றி அரைவட்டமாக எழுந்து முன்பக்கம் சாய்கிறது. என் மூடியின் ஒரு பலகை 495 மில்லிமீட்டர். குறுக்குச் சட்டத்தின் அடிப்பக்கம் அதைவிடத் தாழ்வாக இருந்தால் பலகை எழும்போது சட்டத்தில் இடிக்கும், மூடி பாதியில் நின்றுவிடும். அட்டைப்பெட்டியை அதே அளவுக்கு வெட்டி, கீல் இருக்கும் இடத்தில் டேப் ஒட்டி, மூன்று மடிப்பையும் மடித்துப் பார்த்தேன். பைப் கேபின் கூரைக்கும் மேலே போக வேண்டும் என்பதால் சட்டங்களைத் தாங்கும் தூண்களை 580 மில்லிமீட்டர் உயரம் வைத்தேன். இரண்டு தேவையும் அதிலேயே அடங்கிவிட்டது.

எடைக் கணக்கை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போட்டேன். அக்கா மகன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கிறான், நோட்டோடு வந்துவிட்டான். முன் சட்டம் தொட்டியின் முன்சுவரில் இருந்து 100 மில்லிமீட்டரில், பின் சட்டம் 1,300-இல். பைப்பின் பின்முனை பம்பரைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1A) பிரிவில், அனுமதித்த அளவைத் தாண்டி லோடு நீட்டிக்கொண்டிருந்தால் அபராதம் 20,000 ரூபாய். அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும், இருட்டில் பின்னால் வரும் பைக்காரர் கண்ணுக்குப் பைப் முனை தெரியாது. பம்பர், முன்சுவரில் இருந்து 1,700-இல் முடிகிறது. அப்படியானால் மூன்று மீட்டர் பைப்பின் நடுப்புள்ளி 200-இல் விழும். முன் சட்டத்துக்குப் பின்னால் வெறும் 100 மில்லிமீட்டர்.

“மாமா, அப்ப முன்னாடி இருக்கிற சட்டம்தான் எல்லாத்தையும் தாங்குது, பின்னாடி இருக்கிறது சும்மா பிடிச்சுக்கிட்டு நிக்குது” என்றான்.

சரியாகச் சொன்னான். பங்கு போட்டால் பன்னிரண்டில் பதினொரு பங்கு முன் சட்டத்துக்கு, ஒரே ஒரு பங்கு பின் சட்டத்துக்கு. 110 கிலோ ஏற்றினால் நூறு கிலோ முன்னால் உட்காரும். அதனால் முன் சட்டத்துக்கு 50-க்கு 50 ஸ்கொயர் டியூப், பின்னுக்கு 40-க்கு 40, இரண்டும் 2 மில்லிமீட்டர் கனம். முன் தூண்களின் அடித்தகடு 250 மில்லிமீட்டர் நீளம், பின் தூண்களுக்கு 150 போதும். பிரேக் அடிக்கும்போது கணக்கு மாறுகிறது. மேலே இருக்கும் எடை முன்னால் பாயப் பார்க்கும், முன் தூண் அமுங்கும், பின் தூண் மேலே எழும்பும். ஆகவே பின்பக்கம் தாங்குவதற்கு இல்லை, இழுத்துப் பிடிப்பதற்கு. பட்டையைப் பின்முனையில் ரெயிலைவிட 60 மில்லிமீட்டர் நீளமாக விட்டு, அங்கே மட்டும் பக்கத்துக்கு இரண்டு ரிவெட் நட்டு கூடுதலாகப் போட்டேன். தூண் முன்னும் பின்னும் ஆடாமல் இருக்க ஒவ்வொரு பக்கமும் ஒரு சாய்வுச் சட்டம். அது ரெயிலுக்கு நேர் மேலேயே வரும்படி வெல்டிங் செய்தேன். உள்ளே சாய்ந்தால் மூடி மடங்கும்போது தட்டும்.

பட்டையில் ஓட்டை போடும் முன் மூடியைப் பூட்டி, கிளாம்ப்புகள் உதட்டைப் பிடிக்கும் இடத்தை எல்லாம் டேப் ஒட்டிக் குறித்தேன். பக்கத்துக்கு நாலு கிளாம்ப். அவற்றுக்கு நடுவே மூன்று இடம், இரு ஓரத்திலும் ஒவ்வொன்று, ஆக ஐந்து போல்ட். ஒவ்வொரு போல்ட்டுக்கும் தகட்டின் அடியில் 30-க்கு 5 இரும்புப் பட்டையில் 120 மில்லிமீட்டர் துண்டு வைத்தேன். வாஷர் மட்டும் போட்டால் மெல்லிய தகடு குழிந்துவிடும். இந்தத் துண்டு அழுத்தத்தைப் பரப்பிக் கொடுக்கும்.

ஓட்டைகளின் வடிவத்தையும் சொல்லிவிடுகிறேன், வேலூர் வெயில் தெரிந்தவர்களுக்கு இது முக்கியம். அலுமினியம் சூட்டில் இரும்பைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு நீளும். 1,420 மில்லிமீட்டர் பட்டை, விடியற்காலைக் குளிரில் இருந்து சித்திரை மதிய வெயிலுக்கு 45 டிகிரி ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் நீளும். அடியில் இருக்கும் இரும்புச் சுவர் முக்கால் மில்லிமீட்டர்தான் நீளும். மிச்ச முக்கால் மில்லிமீட்டர் தினமும் போல்ட்டுகளை இழுத்து இழுத்து விடும். அதனால் முன்முனை ஓட்டையை மட்டும் வட்டமாக வைத்து, மற்ற நாலையும் தகட்டில் மூன்று மில்லிமீட்டர் நீளவாக்கில் அரத்தால் ராவி விட்டேன். பட்டையில் ராவினால் கவுண்டர்சங்க் கெடும், தகட்டில்தான் ராவ வேண்டும்.

தகட்டில் டிரில் விடும்போது பிட்டில் ஒரு மரத்துண்டைச் செருகி, பத்து மில்லிமீட்டருக்கு மேல் இறங்காதபடி செய்தேன். விழும் இரும்புத் துருவலைக் காந்தத்தால் ஒன்று விடாமல் எடுத்துவிட வேண்டும். அப்படியே விட்டால் முதல் மழைக்கே பெயிண்ட் மேல் செம்பழுப்புப் புள்ளி விழும். வெட்டிய ஓரங்களுக்குத் துத்தநாகப் பிரைமர் இரண்டு கோட் கொடுத்து ஒரு ராத்திரி காயவிட்டேன்.

இனி நான் செய்த தவறு. அலுமினியமும் இரும்பும் நேராகத் தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருந்தால் அரிப்பு பிடிக்கும் என்று தெரியும். அதற்காகப் பட்டைக்கு அடியில் முழு நீளத்துக்கும் பழைய லாரி டியூபை வெட்டிப் போட்டேன். தண்ணீரும் இறங்காது, சத்தமும் வராது என்று கணக்கு. பூட்டிய அன்று ரேக் பாறை மாதிரி நின்றது. எட்டாம் நாள் ஒடுகத்தூரில் இருந்து திரும்பும்போது பின்னால் டக் டக் என்று சத்தம். நிறுத்திப் பார்த்தால் பத்து போல்ட்டில் ஏழு கையால் திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தன. திரும்ப இறுக்கினேன். நாலு நாளில் மறுபடியும் அதே கதை.

கொணவட்டத்தில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் பாயிடம் வண்டியைக் கொண்டுபோனேன். எனக்குத் தெரிந்து முப்பது வருடமாக பாடி கட்டுகிறவர். குனிந்து பார்த்துவிட்டு, டியூபின் ஓரத்தை நகத்தால் கிள்ளினார்.

“தம்பி, ரப்பர் மேல உக்கார வச்சா போல்ட்டு டைட்டு வச்ச? லாரில சேஸுக்கும் பாடிக்கும் நடுவுல கட்டைதான் வைப்போம். கட்டை ஒரு தபா அமுங்கும், அப்புறம் நின்னுடும். ரப்பர் அமுங்கிக்கினே இருக்கும்.”

ஒரு போல்ட் இறுக்கமாக நிற்பது அது இழுத்துப் பிடிக்கும் விசையால். நடுவில் இருக்கும் பொருள் நாளுக்கு நாள் நசுங்கினால் அந்த விசை கரைந்துவிடும். வெயிலில் ரப்பர் இன்னும் சீக்கிரம் நசுங்கும். எத்தனை ஸ்பிரிங் வாஷர் போட்டாலும் அதைச் சரிக்கட்ட முடியாது. எடை தாங்கும் இடத்தில் மெத்தென்ற பொருளே இருக்கக் கூடாது.

எல்லாவற்றையும் பிரித்தேன். பாயே ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு போல்ட் ஓட்டையைச் சுற்றியும் 2 மில்லிமீட்டர் கனத்தில் கெட்டியான நைலான் தகட்டை ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டி வைத்தோம். நைலான் இரண்டு உலோகத்தையும் பிரித்தும் வைக்கும், ரப்பர் மாதிரி நசுங்கவும் செய்யாது. அதைச் சுற்றி வளையமாக பியூட்டைல் டேப். பிசின் போல ஒட்டும் இந்த டேப் பட்டை இறங்கும்போது பிதுங்கி, ஓட்டையை அடைத்துக்கொள்ளும். பியூட்டைலுக்குத் தண்ணீரைத் தடுக்கும் வேலை மட்டும், நைலானுக்கு எடையைத் தாங்கும் வேலை மட்டும். சிலிகான் அடிக்கலாமே என்று அக்கா மகன் கேட்டான். பின்னால் கழற்ற வேண்டி வந்தால் சிலிகானைச் சுரண்டி எடுப்பதற்குள் பெயிண்டும் கூடவே வந்துவிடும். பியூட்டைல் இழுத்தால் உரிந்து வரும்.

போல்ட், நட்டு எல்லாம் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) வாங்கினேன். எஸ்.எஸ். நட்டை மிஷின் வைத்து வேகமாக ஏற்றினால் மரை சூடேறிப் பற்றிக்கொள்ளும், அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மரை பற்றிக்கொள்ளாமல் இருக்கத் துளி ஆன்ட்டி சீஸ் கிரீஸ் தடவி, எளிதில் தளராத நைலாக் நட்டைக் கையால் மெதுவாக ஏற்றி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 20 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினேன். இறுக்கிய பிறகு ஒவ்வொரு நட்டின் குறுக்கேயும் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு. நட்டு ஒரு நூல் அசைந்தாலும் கோடு முறிந்து தெரியும். எந்த ரேக்குக்கும் இதைச் செய்யுங்கள், செலவு ஒன்றுமில்லை.

டி ஸ்லாட்டில் தூண்கள் நிற்பது வெறும் உராய்வால். பிரேக்கில் தூண் ரெயிலோடு வழுக்கிவிடக் கூடாது என்று முன் தூண்களின் அடித்தகட்டுக்கு முன்னால் ரெயிலைக் குறுக்காகத் துளைத்து ஒரு எம்-8 போல்ட்டைத் தடையாக நிறுத்தினேன். நகர்த்தும் வசதி கொஞ்சம் போனது, பரவாயில்லை.

ரெயில் முடிந்தது, மூடி கெட்டது. இதை நான் முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும். பட்டை 6, நைலான் 2, ஆக மூடியின் பக்கச் சட்டங்கள் இருந்த இடத்தைவிட 8 மில்லிமீட்டர் உயர்ந்துவிட்டன. பக்கவாட்டில் சீல் புதுப் பட்டையின் மேல் அழகாக உட்கார்ந்தது. ஆனால் முன்சுவரும் பின்கதவும் பழைய உயரத்திலேயே இருக்கின்றன. அந்த இரண்டு இடத்திலும் சுண்டுவிரல் நுழையும் சந்து. தோட்டத்து ஹோஸை வைத்து ஐந்து நிமிடம் தண்ணீர் அடித்தேன். அக்கா மகன் மூடிக்கு அடியில் டார்ச்சோடு படுத்துக்கொண்டு எங்கே ஒழுகுகிறது என்று சொன்னான். முன்சுவரில் இரண்டு மூலை, பின்கதவில் முழு நீளம்.

முன்சுவரில் பட்டையை ஒட்டியே 8 மில்லிமீட்டருக்கு அலுமினிய செக்ஷன் ஒன்றை நிரப்பி, அதன் மேல் பஞ்சு ரப்பர் பீடிங் ஒட்டியதும் நின்றுவிட்டது. பின்கதவு அவ்வளவு சுலபமாக இல்லை. அது திறந்து மூடும் கதவு, அதன் மேல் எதை ஒட்டினாலும் உராயும். கார் கதவுக்குப் போடும் குழாய் வடிவ பீடிங்கில் மூன்று அளவு வாங்கிச் சோதித்தேன். கனமானதைப் போட்டால் கதவு பூட்டு விழவில்லை. மெல்லியதில் தண்ணீர் நுழைந்தது. கடைசியில் 15 மில்லிமீட்டர் விட்டத்துக் குழாய் பீடிங்கை மூடியின் கடைசிப் பலகைக்கு அடியில் ஒட்டினேன். கதவு அதை மேலிருந்து நசுக்குவதில்லை, பக்கவாட்டில் தள்ளி அணைகிறது. பூட்டும் விழுந்தது, ஒழுகலும் நின்றது.

பக்கவாட்டில் இன்னொரு விஷயம். ரெயிலுக்கும் மூடிக்கும் நடுவே விட்ட 5 மில்லிமீட்டர் சந்து ஒரு வாய்க்கால் ஆகிவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் அதில்தான் ஓடும். ரெயில் இல்லாதபோது விளிம்பில் இருந்து வெளியே வழிந்துவிடும், இப்போது வெளிப்பக்கம் ரெயில் அணை கட்டி நிற்கிறது. வண்டி முன்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து நின்றால் தண்ணீர் முன்மூலையில் தேங்கி, சீலுக்கு மேலே ஏறி உள்ளே இறங்கும். ரெயிலின் முன்முனையைத் தொட்டிச் சுவரில் இருந்து 20 மில்லிமீட்டர் பின்தள்ளி வெட்டி, வழி விட்டேன். இப்போது தண்ணீர் அங்கே விழுந்து கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி வழியாகத் தரைக்குப் போகிறது. இந்தச் சந்தில் புழுதி அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு தரம் பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் தள்ளிவிடுகிறேன்.

லோடு ஏற்றிய முதல் நாள் காலம் பைப்புகளின் முன்பகுதி ஸ்பீட் பிரேக்கரில் துள்ளிக் கூரையில் உரசியது, பெயிண்ட்டில் ஒரு கீறல். முன் சட்டத்துக்கு முன்னால் 1,400 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் பைப் வளையத்தான் செய்யும். சட்டத்தை இன்னும் உயர்த்தவில்லை. மூன்று ஜி.ஐ. பைப்புகளையும் அடியில் பரப்பி, காலம் பைப்புகளை அவற்றின் மேல் வைத்து, மூன்று இடத்தில் சேர்த்துக் கட்டிவிடுகிறேன். இரும்பு விறைப்பாக நிற்பதால் மேலே இருப்பதும் அசைவதில்லை. சட்டங்களின் மேல் டியூப் ரப்பரைச் சுற்றி வைத்திருக்கிறேன். ரப்பர் இங்கே சரி, வழுக்காமல் பிடிப்பதுதான் இங்கே அதன் வேலை.

பைப் இல்லாமல் காலியாகப் பெங்களூரு ரோட்டில் பள்ளிகொண்டா டோல் தாண்டிப் போகும்போது எழுபதுக்கு மேல் சட்டம் ஊளையிட்டது. காற்று சட்டத்தின் பின்னால் ஒரே தாளத்தில் சுழல் சுழலாகப் பிரிவதால் வரும் சத்தம் அது. அந்தத் தாளத்தை உடைத்தால் போதும். முன் சட்டத்தின் இரண்டு பக்கமும் தேங்காய் நார்க் கயிற்றை நாலு விரல் இடைவெளியில் சுருள் சுருளாகச் சுற்றிக் கட்டினேன். தொண்ணூறு வரை சத்தமில்லை.

செலவு பழைய செக்ஷன், டியூப், பட்டை, போல்ட், பீடிங், வெல்டிங் கூலி எல்லாம் சேர்த்து 9,400 ரூபாய். வீணாய்ப் போன இரண்டு பீடிங்கும் அதில் அடக்கம். பாய் கூலி வாங்கவில்லை, அவர் வீட்டு மோட்டாருக்குக் கெபாசிட்டர் மாற்றிக் கொடுத்தேன்.

வாகனத்தின் அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. தூண்களும் சட்டங்களும் நாலு அடித்தகடுகளின் போல்ட்டுகளைக் கழற்றினால் பத்து நிமிடத்தில் கையோடு வந்துவிடும்படி வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். லோடு வேலை இல்லாத நாட்களில் கழற்றி வீட்டில் வைத்துவிடுகிறேன். பட்டையும் ரெயிலும் மட்டும் வண்டியில் இருக்கும். நீங்கள் தொடங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் பெய்த மழையில் வண்டி வாசலிலேயே நின்றது. மூன்றாம் நாள் காலையில் மூடியைத் திறந்தேன். கேபிள் சுருள் காய்ந்திருந்தது, பேனல் போர்டு அட்டைப்பெட்டி காய்ந்திருந்தது. பின்கதவின் இடது மூலையில் மட்டும் உள்ளங்கை அளவு ஈரம். அங்கே பீடிங்கின் இரண்டு முனைகள் சேரும் இடத்தில் ஒட்டு விட்டிருக்கிறது. மஞ்சள் கோடுகள் பத்தும் முறியாமல் இருக்கின்றன. மழை விட்டதும் அந்த மூலையைப் பிரித்து, மூட்டு இல்லாமல் ஒரே துண்டாக பீடிங் ஓட்ட வேண்டும்.